இடது ஓரத்து நாடா

உக்காரும்மா. அதுல வேணாம், அது ஆடும், இதுல உக்காரு. குப்பம்மா! ஆதிமூலம் பொண்ணு வந்திருக்குது, காப்பி போடு. எந்த ஆதிமூலமா? எனக்கு எத்தனை ஆதிமூலத்தைத் தெரியும்? பட்டாளத்து ஆதிமூலம். இவகிட்ட எதையும் ரெண்டு தடவை சொல்லணும்மா. இவகிட்ட மட்டும் இல்ல, எவன்கிட்டயும் அப்படித்தான். சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் காயுது.

கையெழுத்துதானே, போடறேன். அதுக்காக வேலூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கே, போடாம அனுப்புவேனா? ஆனா கனடாவுக்குப் போற கடுதாசி, இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுக்கினு போடறேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும் எனக்கு, கண்ணாடிதான் ஒடஞ்சு கெடக்குது. நீயே படிச்சுத் தமிழ்ல சொல்லு.

ம். ம். "என் தகப்பனார் லேன்ஸ் நாயக் ஆதிமூலம் நாடாவைத் தப்பாகப் போடவில்லை. அப்போது கூட இருந்த நாயக் துளசிங்கம் அவர்கள் இதற்குச் சாட்சி." சரி. ரொம்பச் சரி. நாயக் துளசிங்கம், பிற்பாடு ஹவில்தார்னு போட்டுக்கோ. இல்லாததைச் சொல்லலை, இருக்கறதைச் சொல்றேன்.

அந்தப் பொஸ்தகத்துல இருக்கறதை இன்னொரு தடவை சொல்லு. உன் ஆஸ்பத்திரிக்கு வந்த கனடா டாக்டர் குடுத்தாரே, அந்தச் சண்டையில இருந்த கனடாக்காரன் ஒருத்தன் எழுதினது, அது. "இந்திய லேன்ஸ் நாயக் ஒருவர் வழி காட்டும் நாடாவைத் தவறான இடத்தில் போட்டதால் எங்கள் ஆட்கள் பதினோரு பேர் இறந்தார்கள். அவரும் அங்கேயே இறந்தார்." அவ்ளோதானா? பேரு கூடப் போடலையே! பதினோரு பேரு சாவை ஒருத்தன் தலையில கட்டறான், அவன் பேரு இன்னான்னு கேக்கக்கூட அவனுக்கு நேரமில்ல. பாத்தியா கனடாக்காரன் புத்தியை? தேதியும் ஊரும் வெச்சு நீ கண்டுபுடிச்சியா. ஆமாம், அன்னைக்கு அங்க செத்த லேன்ஸ் நாயக் உங்கப்பன் ஒருத்தன்தான்.

அதைப் போயி உங்கம்மாகிட்ட ஏம்மா சொன்னே? நீ சொல்லலையா. உன் வூட்டுக்காரர் வாய் தவறிச் சொல்லிட்டாரா. ஆம்பளைங்க வாயி இருக்குதே! அதுக்கு உங்கம்மா இன்னா சொல்லுச்சு? "பதினோரு பேரைப் பெத்தவளுங்க என் புருஷனை எப்படிச் சபிச்சிருப்பாளுங்க"ன்னுச்சா? ஒரு மாசமா சோறு எறங்கலையா? அடப் பாவமே. எழுவது வயசுல இது தேவையா அதுக்கு? போயி சொல்லு. துளசிங்கம் சொன்னாருன்னு சொல்லு. உங்கப்பன் மேல தப்பே இல்ல. தப்பு பூரா கனடாக்காரன் மேல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன்.

எப்படின்னு சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு வேண்டியதை எழுதிக்கோ.

நாங்க சாப்பர். சாப்பர்னா பாலம் கட்டறவன், ரோடு போடறவன், கண்ணி வெடி எடுக்கறவன். சண்டை போடறவன் போறதுக்கு முன்னால நாங்க போவோம், அவன் செயிச்சு மாலை போட்டுக்கறப்போ நாங்க சேத்துல நின்னுக்கினு அடுத்த பாலத்தைக் கட்டிக்கினு இருப்போம். எங்களை எவனும் போட்டோ புடிக்க மாட்டான். இத்தாலியில அந்த மார்கழிக் குளிருல எங்க பக்கத்துல இருந்தது கனடாக்காரன் பட்டாளம். எண்ணூறு பேரு. ஒவ்வொருத்தனும் நம்ப வூட்டு நிலைப்படியில தலை இடிக்கற உசரம். அவனுங்களுக்குன்னு இருந்த சாப்பருங்க வேற ஒரு பாலத்துல மாட்டிக்கினாங்க. அதனால எங்க மேஜர்கிட்ட ஒரு செக்ஷன் அனுப்புன்னு கேட்டாங்க. பத்து பேரு போனோம். நான் தலைவன், உங்கப்பன் எனக்கு அடுத்தவன்.

புடிக்க வேண்டிய ஊரு பேரு எனக்கு வாயில நுழையாது. நாங்க மாதாகோயில் மேடுன்னு சொல்லுவோம். கீழ ஒரு சின்ன ஆறு, சேறும் தண்ணியுமா. தாண்டினா சரிவு, சரிவு பூரா ஒலிவ மரம். மேல அறுவது எழுவது கல்லு வூடு, நடுவுல மாதாகோயில். அதோட மணிக்கூண்டுல ஜெர்மன்காரன் மிஷின் கன் வெச்சிருந்தான். வூட்டுக்கு வூடு ஜன்னல்ல ஒருத்தன். சரிவு பூரா கண்ணி பொதைச்சிருந்தான். கனடாக்காரன் ரெண்டு தடவை ஏறிப் பாத்தான், ரெண்டு தடவையும் செத்தவனைத் தூக்கிக்கினு எறங்கினான். மூணாவது தடவைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டான். மொதல்லயே கூப்பிட்டிருக்கலாம் இல்ல? கேக்கறதுக்கு ஆளு இல்லாம போச்சு.

கண்ணின்னா நீ பெருசா நெனைச்சுக்காதே. மரப்பொட்டி. நம்ப அஞ்சறைப்பெட்டியில பாதி. மேல கால் பட்டா போதும், முழங்காலோட போயிடும். கண்ணி தேடற மிஷின் இரும்புக்குத்தான் கத்தும், மரத்துக்கு வாயைத் தெறக்காது. அதனால குப்புறப் படுத்துக்கினு, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வா மண்ணுல சாண் சாணாக் குத்திப் பாக்கணும். டொக்குனு தட்டுச்சுன்னா கையால மண்ணை வழிச்சு எடுக்கணும். உங்கப்பன் கை இருக்குதே, தெய்வக் கைம்மா அது. நான் சும்மா சொல்லலை. எனக்குப் பத்து எடுத்தா வேர்த்துக் கொட்டும், அவன் முப்பது எடுத்துட்டு பீடி கேப்பான்.

அந்தக் கார்த்திகையைப் பத்திச் சொல்லணும் உனக்கு. உங்கம்மாகிட்ட போயி சொல்லு, சந்தோஷப்படும். அந்த மேட்டுல ஏறினதுக்கு ஆறு நாளைக்கு முன்னால கார்த்திகை தீபம். எங்க செக்ஷன்ல பத்துல ஏழு பேரு அண்ணாமலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஊருக்காரன். தீபத்தை விடறதாவது? ஒரு பெரிய தொழுவம் கெடந்துது, வெளிச்சம் வெளிய போவாம கதவுக்குக் கம்பளி கட்டினோம். எண்ணெய்க்குப் பஞ்சமில்ல, ஊரு பூரா ஒலிவ எண்ணெய். மீன் டப்பாவுல வெளக்கு. திரிக்கு இன்னா பண்றதுன்னு எல்லாரும் முழிக்கறானுங்க. ஒருத்தன் பனியனைக் கிழிக்கலாங்கறான். அந்தக் குளிருல பனியனைக் கிழிச்சா சாவணும். நான்தான் சொன்னேன், டேய், நம்ப நாடா இருக்குது இல்ல, சுத்தமான பருத்தின்னு. அந்த யோசனை எனக்குத்தான் வந்துது. ரெண்டு உருளை. ஒரு உருளையில நூத்தியெட்டு வெளக்குக்குத் திரி கிள்ளினோம். இன்னொண்ணை அப்படியே முழுசாத் திரிச்சு, ஒரு அண்டாவுல எண்ணெய் ஊத்தி மகாதீபமா ஏத்தினோம். அண்ணாமலையாருக்கு அரோகரான்னு மெதுவாத்தான் சொன்னோம், ஜெர்மன்காரன் ஒன்றரை மைல்ல இருக்கறான். உங்கப்பன் அழுதான். நீ வயித்துல இருந்தே அப்போ. "பொண்ணோ ஆணோ, ஒரு தடவை மலைக்குக் கூட்டிக்கினு போவணும்ணா"ன்னான். போனியா? போனியா. நல்லது.

இந்தா காப்பி. ஆறிடும், குடி. ஏன்டி, இவ்ளோ தண்ணியா?

நாடான்னா இன்னான்னா கேக்கறே? அதானே எல்லாம். கண்ணி எடுத்த வழிக்கு அடையாளம் வேணுமில்ல? ரெண்டு விரல் அகலத்துல வெள்ளைத் துணி நாடா. வழிக்கு ரெண்டு ஓரத்துலயும் கட்டுவோம். நடுவுல நடந்தா உசுரு பத்திரம். அதான் முறை. நாடா பத்தலைன்னா ஒரு ஓரம் மட்டும் கட்டுவோம். ஒத்தை நாடான்னா எங்க வழக்கம் இடது ஓரம். அதுக்கு வலது கைப்பக்கமா எட்டு அடிக்குச் சுத்தம். எங்க ஆளு எவனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். கனடாக்காரன் வழக்கம் வேற. அவன் ஒத்தை நாடாவை வழிக்கு நடுவுல போடுவான். அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசையா நடந்து போவான். இப்போ யோசிச்சுப் பாரு. எங்க நாடாவைப் பாத்து அவன் வழக்கப்படி நடந்தா இன்னா ஆவும்? வலது வரிசை தப்பிக்கும். இடது வரிசை கண்ணி மேல போவும். போச்சு.

அந்த வழி முந்நூறு கெஜம். ரெண்டு ஓரத்துக்கும் கட்ட ஆறு உருளை வேணும். கையில இருந்தது நாலு. ஏன் நாலுன்னா, ஸ்டோர்காரன் குடுக்கறது அவ்ளோதான். அவனைத்தான் கேக்கணும். போயி கேட்டிருந்தா குடுத்திருப்பானாம். கேட்டா முந்தி குடுத்தது எங்கன்னு கேப்பான், அதை எழுதிக் குடுன்னுவான், மேஜர் வரைக்கும் போவும். ரெண்டு உருளை நாடாவுக்கு மேஜர் முன்னால நிக்கணுமா நான்? இன்னா? அந்த ரெண்டு உருளை இருந்திருந்தாவா? ஏம்மா, சாமி காரியத்துக்குப் போனதைச் சொல்லிக் காட்டலாமா? அது வேற, இது வேற. நீ எழுதறதை எழுது. "நாடா பத்தாக்குறை, ஸ்டோர் கவனக்குறைவு."

ஒரு ஓரத்துக்கு மூணு உருளை. ஒரு உருளை மிச்சம். உங்கப்பன் சொன்னான், "அண்ணா, அந்த ஒரு உருளையை மறு ஓரத்துல ஆரம்பத்துல இருந்து போற வரைக்கும் கட்டுவோம், பாக்கறவனுக்கு வழி இதுதான்னு புரியும்." நான் கூடாதுன்னுட்டேன். பாதியில நின்னா பாக்கறவன் குழம்புவான். ஒண்ணு ரெண்டு ஓரம், இல்லைன்னா ஒரு ஓரம். முறைன்னா முறை. நான் சொல்றது சரிதானே? நீயும் நர்ஸு, பாதிக் காயத்துக்குக் கட்டுப் போட்டு விடுவியா?

இப்போ கேப்டன் ஆர்ச்சர் கதைக்கு வரேன். இவன்தான் மூல காரணம். இவன் பேரை நல்லாப் பெருசா எழுது.

முந்தின நாளு மத்தியானம். மழை. முன்னால ஏறப் போற கம்பெனிக்கு இவன்தான் கேப்டன். ஒரு பண்ணை வூட்டுல உக்காந்து மேப் பாக்கறான். நான் போனேன். எதுக்குப் போனேன்? சார், எங்க நாடா இடது ஓரம், உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்கன்னு சொல்றதுக்குத்தான். என் கடமையை நான் செய்யப் போனேன். வெளிய நில்லுன்னான் வாசல்ல இருந்த சிப்பாய். நின்னேன். ஒரு மணி நேரம் மழையில நின்னேம்மா. உள்ள அடுப்பு எரியுது, அவன் ஆளுங்க ரொட்டி சுட்டுத் தின்றானுங்க, சிரிக்கறானுங்க. எவனும் உள்ள வான்னு சொல்லலை. கடைசியில கேப்டன் வெளிய வந்தான். நான் சல்யூட் வெச்சு, "சார், நாடா பத்தி ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சேன். அவன் கைக்கடியாரத்தைப் பாத்தான். "அப்புறம், ஜானி"ன்னான். என் தோளுல ரெண்டு தட்டு தட்டினான், குதிரையைத் தட்டற மாதிரி. ஜீப்ல ஏறிப் போயிட்டான்.

ஜானி! நம்ப ஆளு எவனைப் பாத்தாலும் அவனுங்களுக்கு ஜானிதான். எனக்கு அப்போ இருபத்தியெட்டு வயசு. எங்கப்பன் வெச்ச பேரு துளசிங்கம். சட்டையில பட்டை ரெண்டு இருக்குது. ஜானியாம்! நாப்பத்திமூணு வருஷம் ஆச்சு, இன்னும் தோளுல அந்தக் கை இருக்கற மாதிரி எரியுதும்மா.

அப்புறம்னு சொன்னான் இல்ல? அப்போ அவன்தானே கூப்பிடணும்? நான் ஏன் மறுபடி போயி நிக்கணும்? அவன் கூப்பிடுவான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். கூப்பிடலை. சரி, உனக்கு வேணாம்னா எனக்கு இன்னா. நான் தப்பா இன்னா சொல்லிட்டேன்?

விடியறதுக்கு மூணு மணி நேரம் இருக்கும்போது சரிவுல ஏற ஆரம்பிச்சோம். பனின்னா பனி, முன்னால ஊர்றவன் பூட்ஸு தெரியலை. எண்பத்தி நாலு கண்ணி எடுத்தோம். சத்தமில்லாம, ஒரு ஆளுக்குக் கீறல் இல்லாம. நாடா கட்டினது உங்கப்பன். நான் சொன்ன மாதிரி, இடது ஓரத்துல, நூல் புடிச்ச மாதிரி கட்டினான். அதனால "நாடாவைத் தப்பாகப் போடவில்லை"ன்னு நீ எழுதியிருக்கே பாரு, அது நூத்துக்கு நூறு உண்மை. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

முடிச்சிட்டு பசங்களை வழிக்குப் பக்கத்துல ஒரு பள்ளத்துல உக்கார வெச்சிட்டு, நான் கீழ எறங்கிப் போயி கனடாக்காரன் சார்ஜென்ட்கிட்ட ரிப்போர்ட் குடுத்தேன். "வழி ரெடி, சார்." அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வேற ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்கலையே! இதைத்தான் நான் அன்னையில இருந்து அடிச்சுக்கறேன், எவன் காதுல விழுது?

பள்ளத்துக்குத் திரும்பி வந்தேன். உங்கப்பன் கேட்டான். "அண்ணா, இடது ஓரம்னு சொன்னீங்களா?"

"வழி ரெடின்னு சொன்னேன்டா."

"எந்தப் பக்கம்னு?"

"அவன் கேக்கலை."

துப்பாக்கிக் கத்தியைத் துடைச்சு உறையில வெச்சான். அப்புறம், "அவங்க நடுவுல போட்டு நடக்கறவங்கண்ணா. போன வாரம் ரோட்டுல பாத்தேன். நான் ஒரு ஓட்டம் ஓடிச் சொல்லிட்டு வந்துடறேன்"ன்னான்.

"உக்காருடா. கேப்டன் கூப்பிட்டானா? கூப்பிடாத வூட்டுக்கு நீ ஏன்டா போறே"ன்னேன்.

மறுபடியும் கேட்டான். மூணு தடவை கேட்டான்மா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நான் செக்ஷன் தலைவனா, நீயான்னு கேட்டேன். பீடியை எடுத்தான், பத்த வைக்காம வாயில வெச்சுக்கினு கீழ பாத்துக்கினே இருந்தான். பதினஞ்சு நிமிஷம் இருக்கும். ஆமாம், நேரம் இருந்துது. நேரம் இல்லைன்னு நான் சொல்லலையே. கேப்டனுக்கும்தான் நேரம் இருந்துது, அவன் வந்தானா?

விடிஞ்சுது. நம்ப பீரங்கி ஆரம்பிச்சுது பாரு, பூமி கால்ல நிக்கலை. மேட்டுல ஒரு வூட்டுக் கூரை அப்படியே எழும்பி விழுது. பனியும் பொகையும். அந்தப் பொகைக்குள்ள இருந்து கனடாக்காரன் வரான். ஆத்துல இடுப்பளவு தண்ணியில எறங்கி, ஏறி, சேத்தோட. நாடாவோட ஆரம்பத்துக்கு வந்தான். வந்தவன் வலது பக்கம் ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசைன்னு பிரிஞ்சான். சின்னப் பசங்கம்மா. நல்லா வளந்த பசங்க, செவத்த மூஞ்சிங்க, ஒருத்தன் வாயில எதையோ மென்னுக்கினே வரான். கத்தினேன். நான் கத்தலைன்னு நெனைச்சுக்காதே, கத்தினேன். பீரங்கிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

திரும்பிப் பாக்கறேன், உங்கப்பன் பக்கத்துல இல்ல. பள்ளத்தை விட்டு எகிறிட்டான். வழியோட கீழ ஓடறான், ரெண்டு கையையும் ஆட்டிக்கினு. அவன் போய்ச் சேர்றதுக்குள்ள இடது வரிசையில முதல் ஆளு கால் வெச்சுட்டான். அப்புறம் ரெண்டாவது ஆளு. மத்தவன் அப்படியே நின்னுட்டான், எங்க கால் வைக்கறதுன்னு தெரியலை. நின்னவனை மணிக்கூண்டுல இருந்து ஜெர்மன்காரன் அடிக்கறான். உங்கப்பன் போய்ச் சேந்தான். அவனுக்கு இங்கிலீஷ்ல நாலு வார்த்தைக்கு மேல வராது. பேசலை. ஒவ்வொருத்தனையா சட்டையைப் புடிச்சு இழுத்து நாடாவைத் தாண்டி வலது பக்கம் தள்ளினான். ஆறடி ஆளை இந்த உசரத்து மனுஷன் தள்றான். ஒருத்தன் இவன் ஜெர்மன்காரனோன்னு நெனைச்சு துப்பாக்கிக் கட்டையால இவன் மூஞ்சியில குத்தினான். அவனையும் தள்ளினான். நான் பள்ளத்துல இருந்து எண்ணிக்கினே இருந்தேன், இன்னா செய்யறதுன்னு தெரியாம எண்ணிக்கினே இருந்தேன். பத்தொம்பது பேரு. இருவதாவது ஆளுக்காக இடது பக்கம் ஒரு அடி வெச்சான். கண்ணி இல்ல, மிஷின் கன்னு. அப்படியே உக்காந்த மாதிரி விழுந்தான்.

மிச்சப் பேரு வலது பக்கமா ஏறிட்டான். வூடு வூடாப் புகுந்து, சுவத்தை ஒடைச்சு அடுத்த வூட்டுக்குப் போயி, மத்தியானத்துக்குள்ள மாதாகோயிலைப் புடிச்சிட்டான். அது வரைக்கும் புடிக்க முடியாத ஊரு. எங்க வழியாலதானே புடிச்சான்? அதைப் பொஸ்தகத்துல போட்டானா? கேப்டன் ஆர்ச்சருக்கு மெடல். அவன் தட்டின தோளுக்கு ஒண்ணும் இல்ல.

அந்தப் பொஸ்தகக்காரன் பின்னால வந்திருப்பான். நாடாவுக்கு இடது பக்கம் செத்துக் கெடக்கற சாப்பரைப் பாத்திருப்பான். பாத்த உடனே எழுதிட்டான், இவன்தான் தப்பாப் போட்டான்னு. ஏன் அங்க கெடக்கறான்னு எவனாவது கேட்டானா? நான் மேல பள்ளத்துலதானே இருந்தேன், என்னைக் கேட்டானா?

ஆங்? எங்க மேஜர் கேட்டார். அன்னைக்குச் சாயங்காலம் வந்தார், நல்ல மனுஷன். "ஆதிமூலம் பள்ளத்தை விட்டு ஏன் போனான், நீ அனுப்பினியா?"ன்னு கேட்டார். நான் அனுப்பலை சார்னேன். உண்மைதானே? நான் அனுப்பலை. உக்காருன்னுதான் சொன்னேன். அவர் எழுதிக்கினார். வேற இன்னான்னு அவர் கேக்கலை, நானும் சொல்லலை. அவனுக்கு மெடலுக்கு எழுதலாமான்னு ஒரு பேச்சு வந்துது, உத்தரவு இல்லாம எடத்தை விட்டுப் போனவன்னு அப்படியே நின்னுப் போச்சு. எனக்கு அடுத்த மாசம் ஹவில்தார் குடுத்தாங்க. எண்பத்தி நாலு கண்ணி, சும்மாவா?

அதனால, அந்தப் பேப்பர்ல ஒரு வரி சேத்துக்கோ. நாளைக்கு கனடாக்காரன் ரிக்கார்டைத் தோண்டிப் பாத்து, இந்தக் கிழவன் மறைச்சுட்டான்னு சொல்லக் கூடாது பாரு. நான் நேர்மையான ஆளு. "நாடா சரியாகவே போடப்பட்டது. ஆனால் லேன்ஸ் நாயக் ஆதிமூலம் உத்தரவில்லாமல் தன் இடத்தை விட்டுச் சென்றார்." உங்கப்பன்மேல நான் சொல்ற ஒரே குறை அதுதான். தங்கமான பையன், சொன்ன பேச்சைக் கேக்கலை. கேட்டிருந்தா இன்னைக்கு இங்க உக்காந்து இந்தத் தண்ணிக் காப்பியைக் குடிச்சுக்கினு இருப்பான்.

எழுது. ஏன் பேனாவை மூடறே? மை இல்லையா?

இன்னா கேட்டே? சத்தமாக் கேளு. நான் ஏன் போகலையா?

ஏம்மா, இவ்ளோ நேரம் அதைத்தானே சொல்லிக்கினு இருக்கறேன்! இதையும் ரெண்டு தடவை சொல்லணுமா? கேப்டன் கூப்பிடலை. சார்ஜென்ட் கேக்கலை. நான் செக்ஷனுக்குத் தலைவன், மிச்சம் எட்டு பேரைப் பள்ளத்துல விட்டுட்டு ஓட முடியுமா? பட்டாளத்துல இருக்கறவனுக்கு இதெல்லாம் புரியும், உனக்குப் புரியாது. அது இல்லையா? கத்தின பிறகு இல்லையா? அதுக்கு முன்னால, அந்தப் பதினஞ்சு நிமிஷத்துலயா? பீரங்கி ஆரம்பிக்கலை, ஜெர்மன்காரன் சுடலை, சும்மா எறங்கிப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே, ஏன் போகலைன்னா?

நீ இன்னா பேசறே? யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா? வூடு தேடி வந்தவளாச்சேன்னு காப்பி குடுத்து, கையெழுத்தும் போடறேன்னு சொன்னா, என்னையே நிக்க வெச்சுக் கேக்கறியா?

சரி, முதல்லயே போகலை. வெச்சுக்கோ. ரோஷம், போகலை. அவன் என்னை ஜானின்னான், நான் போகலை. அப்புறம் அவனுங்க ரெண்டு வரிசையாப் பிரிஞ்சப்போ போயிருக்கலாம். எழுந்திரிக்கத்தான் பாத்தேன். முட்டி எழும்பலை. உங்கப்பன் முட்டி எழும்புச்சு, என் முட்டி எழும்பலை, அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? நான் போயிருந்தா அந்த நாடாவுக்குப் பக்கத்துல நான்தானே கெடந்திருப்பேன்? எனக்கும் ஊருல பொண்டாட்டி வயித்துல புள்ளை. எம்பொண்ணு உனக்கு ஒரு மாசம் மூத்தவ. நான் போயிருந்தா, இன்னைக்கு எம்பொண்ணு ரெண்டு பஸ் மாறி உங்கப்பன் வூட்டுக்குப் போயி, எதிர்ல உக்காந்துக்கினு, எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டுக்கினு இருப்பா.